முனியாண்டிக்கு ஆள் சேர்த்தேன்

அண்ணன் வீட்டு வாசலில் முதல் காடி வந்து நின்றபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளின் கடைசி லயம் அது. சுற்றிலும் செம்பனை. வருடக்கணக்காக அவரைத் தேடி வெளியாள் யாரும் வந்ததில்லை. அன்று இறங்கிய கணவனும் மனைவியும் ஆலமரத்தடிக் கோயிலில் நிற்கும் முனியாண்டியைச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள், உண்டியலைத் தேடினார்கள், அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்ததும் அண்ணன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் இணையத்தளத்தைப் பார்த்துத்தான் வந்தோம் என்று சொன்னார்கள். சுங்கை பட்டாணிக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். இப்போது வாசலில் காடிச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறேன்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. திகாம் பத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர், சுங்கை பட்டாணியில் மாலை கட்டி விற்கும் அக்கா, கோத்தா கோலா மூடாவில் கருவாடு விற்கும் பாய் என்று எல்லாம் சின்னக் கைகள். பெரிய விளம்பரத்துக்கு அவர்களுக்கு வசதி கிடையாது. அதனால் நான் போவது குழுமங்களுக்கு. அங்கே உறுப்பினர்கள் செய்திகளின் இணைப்பைப் போடுவார்கள், மற்றவர்கள் வாக்குப் போடுவார்கள். வாக்கு ஏறினால் இணைப்பு மேலே போகும், ஏறாவிட்டால் கிணற்றில் போட்ட கல். எல்லோரும் கூடும் பெரிய குழுமத்தில் நம் குரல் எடுபடாது. தூண்டில்காரர்களுக்கென்று ஒன்று, பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒன்று, தொட்டிச்செடிப் பைத்தியங்களுக்கென்று ஒன்று என்று மூலை முடுக்குகளில் இருக்கும். நமக்கு வேண்டிய ஆள் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

போன அன்றே கடையை விரித்தால் குழுமத்தை நடத்துகிறவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். வாரக்கணக்கில் அடுத்தவன் போட்டதைப் படிக்க வேண்டும், பாராட்ட வேண்டும், சண்டை வந்தால் நியாயம் பேச வேண்டும். பாயின் கருவாட்டுக்காக, மூடா ஆற்று முகத்துவாரத்தில் எந்த இரைக்கு எந்த மீன் கடிக்கும் என்று நான் ஊர்ப்பட்ட தூண்டில்காரர்களோடு வாதாடியிருக்கிறேன். தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. பிறகு ஒருநாள் யாரோ நல்ல கருவாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். கொக்கு மாதிரி காத்திருந்த நான் அப்போதுதான் பாயின் இணைப்பைப் போட்டேன். என்னை எல்லோரும் அவர்களில் ஒருத்தியாக நினைத்திருந்தார்கள். அது ஏமாற்றா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றியதில்லை. உண்மையாகவே அவர்களோடு பேசுவது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் எனக்கு அப்பா மாதிரி. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். தோட்டம் ரப்பர் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறி, லயத்துச் சனங்கள் ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்குப் போனபோதும் அவர் அசையவில்லை. முனியாண்டிக்கு விளக்கு வைக்க ஆள் வேண்டுமே என்பார். உண்மை என்னவென்றால், அந்த இடத்தை விட்டால் அவருக்கு மூச்சு முட்டும். என் அடுக்குமாடி வீட்டுக்கு ஒருமுறை வந்தவர் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

"என்னாலா வீடு இது? சன்னலத் தொறந்தா அடுத்தவன் சட்ட காயுது" என்றார்.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் அளவு நாடாவோடு வந்தார். கோயிலை அளந்தார், லயத்தை அளந்தார், ஆலமரத்தடியைக்கூட அளந்தார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஏசிட்டுப் போயிருந்தாக்கூட பரவால்ல. சும்மா அளந்துட்டுப் போறான். சூசா லா, கஷ்டந்தான்."

"நீங்க என் வீட்டுக்கு வந்துருங்கண்ணே."

"இருக்கிற வரைக்கும் நான் இங்கேயே இருந்துக்கிறேன். அத மட்டும் பாத்துக்க."

அண்ணன் என்னிடம் எதுவும் கேட்டுப் பழகாதவர். அதனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எப்பாடுபட்டாவது அவரை அந்த லயத்திலேயே இருக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மனு கொடுப்பது, தலைவர்களைப் பார்ப்பது எல்லாம் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஆள் சேர்ப்பது. யாருக்கும் தெரியாத கோயிலை ஒரு காலைப் பொழுதில் இடித்துத் தள்ளிவிடலாம். நாலு ஊர்ச் சனம் வந்துபோகிற கோயிலைத் தொடக் கம்பெனி யோசிக்கும்.

தளத்தை நானே செய்தேன். முனியாண்டியின் படம், ஆலமரத்தின் படம், அண்ணன் சொல்லக் கேட்டு நான் எழுதிய தோட்டத்துக் கதைகள். எல்லாவற்றுக்கும் கீழே, இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணையும் வைத்தேன். தொழிலில் உள்ளவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், இந்தக் காலத்தில் யார் அதை வைக்கிறார்கள் என்று. ஆனால் எங்கள் சனம் ஒரு கோயிலைப் பற்றி முதலில் கேட்பது திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் என்றுதான். கூட்டத்தை வைத்துத்தான் சாமிக்கே மரியாதை. மேனேஜரும் ஒருநாள் பார்ப்பார், எண்ணைக் கண்டு பயப்படுவார் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று குழுமங்களைத் தேர்ந்தெடுத்தேன். பழைய மரங்களைத் தேடுகிறவர்களின் குழுமத்தில், செம்பனைக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஆலமரம் என்று தலைப்பு வைத்தேன். வடக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் ஊர் சுற்றுகிறவர்களிடம், கூலிம் பக்கம் தார் ரோடு முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வைத்தேன். காவல் தெய்வங்களுக்கென்று இருந்த குழுமத்தில், அரிவாளோடு தனியாக நிற்கும் முனியாண்டி என்று எழுதினேன். மூன்று இடத்திலும் முன்கூட்டியே உட்கார்ந்து, பேசி, பழகி வைத்திருந்தேன். மூன்றும் ஏறின.

மோட்டார்க்காரர்கள் வந்தார்கள். மரம் பார்க்கிறவர்கள் வந்து மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆடி மாதப் பூசைக்குச் சோறு பத்தவில்லை. மேனேஜர் ஒருநாள் காடியை நிறுத்தி, முதல்முறையாக அண்ணனிடம் வாயைத் திறந்தார். "ராமாய் ஓராங், பாக்சிக்" என்று, கூட்டம் அதிகமாக இருக்கிறதே என்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அளவு நாடா அதற்குப் பிறகு வரவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காவல் தெய்வக் குழுமத்தில் என் இணைப்பின் கீழே ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார். "கடைசியில இருக்கிற எண்ணைப் பாத்தீங்களா?" எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் பட்டது. நன்றி என்று பதில் போட்டேன்.

எங்கள் நாட்டில் நான்கு இலக்கங்கள் சேர்ந்து எங்கே கண்ணில் பட்டாலும் அதைத் தூக்கிக்கொண்டு, குலுக்கல் சீட்டு வாங்க நம்பர் கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மோதி நசுங்கிய காடியின் எண், கனவில் வந்த வீட்டின் எண், பிணம் ஏற்றிய வண்டியின் எண். சாமியே அப்படித்தான் பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் தளத்தின் கீழே இருந்தது நான்கு இலக்கம். இதை யோசிக்காதது நான்தான், அதுவும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்துவிட்டு. அந்த ஒரு வரி எழுதிய மனிதர், தளத்தைத் திறந்தபோது தன் கண்ணில் பட்ட எண்ணை வாங்கினார். குலுக்கலில் அது அடித்துவிட்டது.

அவர் குழுமத்தில் நன்றி சொல்லிப் போட்ட பதிவுக்கு ஏறிய வாக்குகளைப் பார்த்து நான் பயந்தேன். என் தொழிலில் ஒரு விஷயம் தெரியும். போட்ட கொஞ்ச நேரத்தில் குபுகுபுவென்று ஏறும் பதிவைப் பிறகு யாராலும் நிறுத்த முடியாது. குழுமத்தை நடத்துகிறவர் நல்லவர், இது சாமி கும்பிடுகிற இடம் என்று சொல்லி அதை நீக்கினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் முனியாண்டியின் படத்தை முகப்பில் வைத்துத் தனியாக ஒரு குழுமமே முளைத்திருந்தது. முனியாண்டிக்கு விளக்கு வைக்கும் என் அண்ணனைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஆட்கள். அங்கே அவருக்குப் பெயர் 'சாமி'.

அண்ணன் நம்பர் சொல்லுகிற ஆள் இல்லை. கேட்டவர்களிடம் எனக்கு ஒன்றும் தெரியாது, போய் வேலையைப் பாருங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் எது செய்தாலும் அவர்களுக்கு எண்ணாகிவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று ஒரு அம்மா கேட்க, பிள்ளையே இல்லை என்றார். அன்று சாயங்காலம் குழுமத்தில் சுழியம் முதல் இலக்கமாக இருக்கலாம் என்று பேச்சு. எத்தனை முறை துண்டை உதறினார், இருமியது எத்தனை முறை, எந்தக் கையால் விபூதி கொடுத்தார். யாரோ ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் தளத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தேன். அதற்குக் கிடைத்த வசவை எழுத முடியாது. மறைத்துவிட்டார்கள், தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றார்கள். தளத்தையே எடுத்தேன். அவர்கள் முன்பே பக்கம் பக்கமாகச் சேமித்து வைத்திருந்தார்கள், அதைப் போட்டு மேலும் வாக்கு வாங்கினார்கள். குழுமத்தை மூடச் சொல்லி எழுதினேன். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது.

நம்பர் வாங்கித் தோற்றவர்கள் சாமியைச் சும்மா விடுவதில்லை. ஒரு காலையில் முனியாண்டியின் அரிவாள் பிடித்த கை உடைந்து கீழே கிடந்தது. அண்ணன் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன், யாரை என்று தெரியாமல். பின்னாலேயே வந்து நின்ற ஒரு காடியிலிருந்து இறங்கியவன், உடைந்த கையில் எத்தனை விரல் மிச்சம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

அண்ணனுக்கு வெகுநாளாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. சிமெண்டு குழைத்து அந்தக் கையை ஒட்ட வைக்கும்போது காலில் செங்கல் விழுந்து புண்ணாகிவிட்டது. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கட்டை அவிழ்த்து அவிழ்த்துச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நான் முடிந்த நாளெல்லாம் போனேன். முடியாத நாளில், சில சமயம் நான் இருக்கும்போதும், கோயிலுக்கு வருகிறவர்களில் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், தேய்த்த சட்டை, பணிவான பேச்சு. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் என்றார். பப்பாளி, ஆரஞ்சு, ஓட்ஸ் என்று எதையாவது வாங்கி வருவார். அருவருப்பில்லாமல் அண்ணனின் புண்ணைக் கழுவி மருந்து போடுவார்.

"சொந்தப் புள்ளகூட இப்படிச் செய்யாது தங்கச்சி. நம்பர் கிம்பர்னு ஒரு வார்த்த கேக்கல பாரு" என்று அண்ணன் நெகிழ்ந்துபோனார். எனக்கும் அவரைப் பார்த்தால் ஆறுதலாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒரு மனிதனாவது மனிதனாக இருக்கிறானே என்று நினைத்தேன்.

அந்தக் குழுமத்தை நான் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், மாலை கட்டும் அக்காவின் வேலையை முடித்துவிட்டுத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் இருந்தது. கட்டுப் போட்ட கால். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அந்தக் கோணத்தில் எடுக்க முடியும். அங்கே உட்காருகிறவர் ஒருவர்தான். கீழே எழுதியிருந்தது: "கால் கறுக்க ஆரம்பிச்சிருக்கு. ஐசி பாத்துட்டேன். இப்ப வாங்காதீங்க, வீணாப் போகும். நேரம் வரும்போது நானே சொல்றேன்."

அதற்கு வந்த பதில்களில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எல்லாம் பொறுமையான, மரியாதையான பேச்சு. இப்படிப்பட்டவர் போகும்போது கொடுக்கிற நம்பர் தவறவே தவறாது என்றார் ஒருவர். அடையாள அட்டையான ஐசியின் கடைசி நான்கு இலக்கமா, பிணம் ஏற்றும் வண்டியின் எண்ணா என்று இருவர் விவாதித்தார்கள். சாமியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்லபடியாகப் போகட்டும் என்று ஒருவர் எழுதியதற்குத்தான் அதிக வாக்கு. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். நான் தூண்டில்காரர்களோடு எப்படிப் பழகினேனோ, அந்த மனிதர் என் அண்ணனோடு அப்படியே பழகியிருந்தார்.

போலீசுக்குப் போய்ச் சொன்னேன். பழம் வாங்கிக் கொடுத்துப் புண் கழுவுவது என்ன குற்றம் என்று கேட்டார்கள். அன்றே பாடாங் மேஹாவுக்குப் போய் அண்ணனின் துணிகளை மூட்டை கட்டினேன்.

"எதுக்குலா இப்ப? மேனேஜர் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"காலு ஆறுற வரைக்கும்ணே. டவுன்ல ஆஸ்பத்திரி கிட்டக்க."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் தன்மேல் பிரியம் வைத்து வருகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வயதான காலத்தில் கிடைத்த அந்தச் சந்தோஷத்தில் நான் எப்படிக் கை வைப்பேன்? முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டுத் தாங்கித் தாங்கி நடந்து வந்து காடியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்கு வந்த அன்று சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். அவர் அடுத்தவன் சட்டையைப் பற்றி ஏதாவது ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி முன்னால் இருந்த செம்பனைகளை வெட்டிக் காடி நிறுத்த இடம் செய்து கொடுத்திருக்கிறதாம். முனியாண்டிக்குப் புதிதாகத் தகரக் கூரை போட்டிருக்கிறார்களாம். நான் சேர்த்த ஆட்கள் கோயிலைக் காப்பாற்றிவிட்டார்கள். அண்ணன் கேட்டது கோயிலை இல்லை.

இன்று காலை அந்தக் குழுமத்தைத் திறந்தேன். மேலே என் வீட்டுக் கதவின் படம் இருந்தது. மாவிலைத் தோரணம், நான் பூசிய பச்சைச் சாயம், கதவுக்கு மேலே வீட்டு எண். சாமி இப்போது இங்கே இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். வாக்கு ஏறுகிற வேகம் எனக்குப் பழக்கப்பட்ட வேகம். முக்காலியைப் போட்டு ஏறி, திருகாணியைக் கழற்றி, எண் பலகையை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். இறங்கி நின்று பார்த்தபோதுதான் இடப்பக்கத்து வீட்டின் எண்ணும் வலப்பக்கத்து வீட்டின் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. நடுவில் என்ன எண் இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தேய்த்த சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"வணக்கம் அக்கா. சாமிக்குக் கால் இப்ப எப்படி இருக்கு?"

நான் திருப்புளியைக் கையில் பிடித்தபடி வாசலை மறித்து நின்றேன். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணன் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். இங்கே வந்ததிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத மலர்ச்சி அவர் குரலில் இருந்தது.

"யாரு, தம்பியா? தேடிக்கிட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கான் பாரு. உள்ள விடு தங்கச்சி."

வந்தவர் உட்காருவதற்காக அண்ணன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.